பில்லுக்குப் பில் வரி கூடிக் குறைகிறது: எக்செலில் தானாக நீளும் என்ட்ரி ஃபார்ம் போட முடியுமா?

வாடகைக்கடை கேட்டது:

வணக்கம். எங்களுடையது பாத்திரம், பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடை. அண்டா, தவலை, இட்லிக் கொப்பரை, கரண்டி, சாம்பார் வாளி, நாற்காலி, ஜமுக்காளம் எல்லாம் உண்டு. இதுவரை கார்பன் வைத்த பில் புத்தகம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது எக்செலுக்கு மாற்றலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், எக்செல் 2016.

காதுகுத்துக்கு வருகிறவர் நாலு சாமான் எடுத்துக்கொண்டு போய்விடுவார், கல்யாணம் என்றால் அறுபது சாமான் வரை போகும். நான் 15 வரிக்குக் கோடு போட்டு, கீழே மொத்தம், அட்வான்ஸ், பாக்கி, கையெழுத்து என்று ஒரு ஃபார்ம் செய்து வைத்திருக்கிறேன். 16-வது சாமான் வந்தால் மொத்தத்துக்கு மேலே ஒரு வரி நுழைக்க வேண்டும். நுழைத்தால் அந்த வரி சில சமயம் கூட்டலில் சேருவதில்லை, தொகை ஃபார்முலாவை நானே இழுத்துவிட வேண்டியிருக்கிறது. முதலிலேயே 60 வரி போட்டு வைத்தால் நாலு சாமான் பில்லும் ரெண்டு பக்கம் பிரிண்ட் ஆகிறது, வாங்குகிறவர் சிரிக்கிறார்.

ஒவ்வொரு பில்லுக்கும் அந்த ஷீட்டைக் காப்பி எடுத்துப் பில் எண்ணைப் பெயராக வைத்து ஓட்டுகிறேன். ஆனால் "பெரிய அண்டா வெளியே எத்தனை இருக்கிறது?" என்று அப்பா கேட்டால் ஒவ்வொரு ஷீட்டாகத் திறந்து எண்ண வேண்டும்.

எனக்கு வேண்டியது இதுதான். சாமான் பெயரை அடித்து என்டர் தட்டினால் அடுத்த வரி தானாக வர வேண்டும், கோடு, டிராப்டவுன், தொகை எல்லாமே அதோடு வர வேண்டும், மொத்தம் கூடவே ஓட வேண்டும். எல்லா பில்லும் ஒரே இடத்தில் சேர வேண்டும். மேக்ரோ (எக்செலுக்குள் எழுதி ஓட்டும் சின்ன நிரல்) இல்லாமல் முடியுமா? ஆடியில் கல்யாணம் இல்லை, அதற்குள் முடித்தால் ஆவணி முகூர்த்தத்துக்குப் புத்தகத்தை மூடிவிடலாம்.

---

கட்டக்கணக்கு எழுதியது:

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு தனித்தனி விஷயம். ஃபார்ம் நீள வேண்டும் என்பது ஒன்று, எல்லா பில்லும் ஒரு இடத்தில் சேர வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஷீட்டில் முடிக்கப் பார்ப்பதால்தான் இவ்வளவு அவஸ்தை. மூன்று ஷீட் வையுங்கள்: அடிக்கிற ஷீட், சேமிக்கிற ஷீட், பிரிண்ட் எடுக்கிற ஷீட்.

முதலில் நீளுகிற வேலை. இதற்கு எக்செலிலேயே வசதி இருக்கிறது, பெயர் டேபிள். தலைப்பு வரியும் (வரிசை எண், சாமான், அளவு, ரேட், நாள், தொகை) கீழே ஒரே ஒரு வரியும் போட்டு, அதற்குள் கர்சரை வைத்து கன்ட்ரோல் + டி (T) அழுத்துங்கள். "மை டேபிள் ஹேஸ் ஹெடர்ஸ்" டிக் இருக்கிறதா என்று பார்த்து ஓகே. அப்புறம் கடைசி வரியின் கடைசி செல்லில் டேப் தட்டினால் புது வரி வரும், இல்லையென்றால் டேபிளுக்கு நேர் கீழே உள்ள செல்லில் எதையாவது அடித்தாலே அது டேபிளுக்குள் வந்துவிடும். தொகைக்கு ஒரு முறை ஃபார்முலா போட்டால் அந்தக் காலம் (நெடுவரிசை) முழுக்கப் பாயும், புது வரிக்கும் வரும். டிராப்டவுனும் அப்படித்தான், ஆனால் அந்தக் காலத்தின் எல்லா வரியிலும் டிராப்டவுன் இருந்தால்தான் அடுத்த வரிக்கும் இறங்கும். டேபிளுக்குள் மெர்ஜ் செய்த செல் இருக்கக் கூடாது, எக்செல் விடாது.

அப்படியும் நீளவில்லை என்றால் யாரோ செட்டிங்கை அணைத்திருக்கிறார்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ், அதில் "ஆட்டோஃபார்மேட் ஆஸ் யூ டைப்" தாவலில் புது வரிகளை டேபிளில் சேர்ப்பதற்கு ஒரு டிக் இருக்கும்.

மொத்தத்தைக் கீழே வைக்காதீர்கள். உங்கள் தலைவலியில் பாதி அங்கேதான். பில் எண், தேதி, வாடிக்கையாளர் பெயர், கைபேசி, மண்டபம், திரும்பும் தேதி, இவற்றோடு மொத்தம், அட்வான்ஸ், பாக்கி எல்லாவற்றையும் ஷீட்டின் தலையில் வையுங்கள். ஒரு வெற்று வரி விட்டு டேபிள். டேபிளுக்குக் கீழே எதுவுமே இருக்கக் கூடாது. கீழே இன்னொரு டேபிள் இருந்தால் ஒரு கட்டத்தில் "செல்களை நகர்த்த முடியாது" என்று எக்செல் முறைக்கும். மொத்தம் டேபிளின் தொகைக் காலத்தைப் பெயர் சொல்லிக் கூட்டினால் போதும், நாலு வரியானாலும் அறுபது வரியானாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். பிரிண்டில் மொத்தம் கீழேதான் வர வேண்டும் என்பீர்கள். அதைப் பிரிண்ட் ஷீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

சாமான் பட்டியலை வேறு ஷீட்டில் தனி டேபிளாக வையுங்கள்: குறியீடு, பெயர், ரேட், மொத்தக் கையிருப்பு. டிராப்டவுனுக்கு மூலமாக டேபிள் பெயரை நேராகக் கொடுத்தால் டேட்டா வேலிடேஷன் (செல்லில் எதை அடிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி, டிராப்டவுன் இதில்தான் வைப்பது) ஏற்காது. நேம் மேனேஜரில் அந்தப் பெயர்க் காலத்துக்கு ஒரு பெயர் வைத்து ("சாமான்பட்டியல்" என்றே வைக்கலாம்) அந்தப் பெயரை மூலமாகக் கொடுங்கள். பட்டியலில் புதுச் சாமான் சேர்த்தால் டிராப்டவுனிலும் தானாக வரும். டிராப்டவுன் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் உங்கள் அப்பா ஜமுக்காளம் என்று அடிப்பார், நீங்கள் சமுக்காளம் என்று அடிப்பீர்கள், கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும்.

இப்போது சேமிக்கிற ஷீட். இங்கே ஒரு பில் ஒரு வரி என்று போட்டு சாமான்1, அளவு1, சாமான்2, அளவு2 என்று பக்கவாட்டில் ஓடாதீர்கள். அப்படி வைத்த ஃபைலில் அண்டா எத்தனை என்று கூட்ட ஆயுசு போய்விடும். ஒரு சாமானுக்கு ஒரு வரி, பில் எண் ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப வரட்டும்:

பில் 412 | வரிசை 1 | பெரிய அண்டா | போனது | 6
பில் 412 | வரிசை 2 | சாதக் கரண்டி | போனது | 20
பில் 412 | வரிசை 3 | நாற்காலி | போனது | 150
பில் 413 | வரிசை 1 | பெரிய அண்டா | போனது | 2

ரேட், நாள், தொகையும் பக்கத்தில். பில் எண், தேதி, பெயர், மண்டபம், அட்வான்ஸ் ஆகியவை இன்னொரு சின்ன டேபிளில், பில்லுக்கு ஒரே ஒரு வரி. எக்செல் ஷீட்டில் 10,48,576 வரி இருக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அடிக்கிற ஷீட்டிலிருந்து சேமிக்கிற ஷீட்டுக்குத் தள்ளுவதற்கு மட்டும் மேக்ரோ தேவை, பெரிய நிரல் ஒன்றும் இல்லை. முதலில் சோதிக்க வேண்டும்: சாமான் இருந்து அளவு காலியாக உள்ள வரி இருக்கிறதா, திரும்பும் தேதி விடுபட்டிருக்கிறதா. சரியாக இருந்தால் சேமிப்பு டேபிளின் பெரிய பில் எண்ணோடு ஒன்று கூட்டிப் புது எண் கொடு, ஒவ்வொரு வரிக்கும் லிஸ்ட்ரோஸ் ஆட் (டேபிளில் புது வரி சேர்க்கும் கட்டளை) போட்டு, ஃபார்முலாவாக இல்லாமல் மதிப்பாக எழுது, கடைசியில் ஃபார்மைத் துடை. ஃபைலை எக்ஸ்எல்எஸ்எம் (மேக்ரோ உள்ள ஃபைல் வகை) ஆகச் சேமிக்க வேண்டும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், மேக்ரோ ஓடி ஷீட்டை மாற்றிய பிறகு அன்டூ வேலை செய்யாது. அதனால் சேமி பட்டனைத் தட்டியதும் "சேமிக்கலாமா?" என்று ஒரு கேள்வி கேட்க வையுங்கள்.

---

மேக்ரோவேண்டாம் எழுதியது:

மேலே சொன்னதில் டேபிள், ஒரு சாமானுக்கு ஒரு வரி இரண்டும் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஒரு ஆள் நடத்துகிற கடைக்கு மேக்ரோ எதற்கு? நாளைக்கு ஃபைலை மெயிலில் அனுப்பி வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் சிவப்புப் பட்டை வந்து மேக்ரோவைத் தடுத்துவிட்டேன் என்று நிற்கும். 2022-லிருந்து இணையத்தில் வந்த ஃபைல்களுக்கு மைக்ரோசாஃப்ட் அப்படித்தான் வைத்திருக்கிறது. ஃபைலை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போய் அன்பிளாக் டிக் போட வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கைபேசி எக்செலில் மேக்ரோ ஓடவே ஓடாது.

நான் செய்வது எளிது. சேமிக்கிற டேபிளிலேயே நேராக அடித்துவிடுவேன். நீளுகிற ஃபார்ம் அதுதான். பில் எண்ணையும் தேதியையும் முதல் வரியில் அடித்துவிட்டு அடுத்த வரிகளில் கன்ட்ரோல் + டி (D) தட்டினால் மேல் செல்லில் இருப்பது கீழே இறங்கும் (டேபிள் உருவாக்குகிற சாவி T, இது D, இரண்டும் வேறு). எக்செல் 2013-லிருந்து டேபிளுக்கு ஸ்லைசர் (பட்டன் தட்டி வடிகட்டும் பெட்டி) உண்டு. பில் எண்ணுக்கு ஒரு ஸ்லைசர் வைத்தால் ஒரு தட்டில் அந்தப் பில் மட்டும் தெரியும்.

ஃபார்ம் மாதிரிதான் தெரிய வேண்டும் என்று அடம்பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. 60 வரியையும் ஃபார்முலாவோடும் டிராப்டவுனோடும் போட்டு வைத்துவிடுங்கள், ஆனால் கோடு போடாதீர்கள். கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் (நிபந்தனைக்கு ஏற்ப செல்லின் தோற்றத்தை மாற்றும் வசதி), மேல் வரியில் சாமான் இருந்தால் இந்த வரிக்குக் கோடு போடு என்று ஒரே விதி. பார்க்கிறவருக்கு வரி ஒவ்வொன்றாக முளைக்கிற மாதிரியே இருக்கும். நடுவில் வரியைத் தாண்டி அடிக்காமல் இருக்க, மேல் செல் காலியாக இருந்தால் ஏற்காதே என்று கஸ்டம் வேலிடேஷன் போடலாம். அதில் "இக்னோர் பிளாங்க்" டிக்கை கட்டாயம் எடுத்துவிட வேண்டும். டிக் இருந்தால், ஃபார்முலா பார்க்கிற செல் காலியாக இருக்கும்போது எதை அடித்தாலும் விட்டுவிடும், அதாவது தடுக்க வேண்டிய இடத்தில்தான் தடுக்காது. இதில் பலர் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஆனால் டிராப்டவுன் தேவைப்படுகிற செல்லில் இந்தக் கஸ்டம் விதி போட முடியாது, ஒரு செல்லுக்கு ஒரு வேலிடேஷன்தான். அளவுக் காலத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வேறு எங்கிருந்தாவது காப்பி எடுத்துப் பேஸ்ட் செய்தால் வேலிடேஷன் அழிந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

---

கட்டக்கணக்கு எழுதியது:

நேராக டேபிளில் அடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மேக்ரோவேண்டாம் அதைச் சொல்லவில்லை. ரேட் பட்டியலிலிருந்து லுக்கப்பில் (தேடி எடுக்கும் ஃபார்முலா) வருகிறது அல்லவா? தை மாதம் பெரிய அண்டா வாடகையை ஏற்றினால், போன ஆவணியில் போட்ட பில்லின் தொகையும் கூடிவிடும். பணம் வாங்கியாயிற்று, கணக்கில் வேறு தொகை நிற்கும். மேக்ரோ மதிப்பாக எழுதுவதால் அந்த வம்பு இல்லை.

---

மேக்ரோவேண்டாம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கும் மேக்ரோ வேண்டாம். ரேட் ஏற்றுகிற அன்று ரேட் காலத்தை முழுதாகத் தேர்ந்தெடுத்து, காப்பி, பேஸ்ட் ஸ்பெஷல், வேல்யூஸ். வருஷத்தில் ஓரிரு தடவை செய்கிற வேலை. இல்லையென்றால் பட்டியலில் பழைய ரேட்டை அழிக்காமல் "எந்தத் தேதியிலிருந்து" என்று ஒரு காலம் சேர்த்துத் தேதியையும் பார்த்து ரேட் எடுக்கலாம். கொஞ்சம் ஃபார்முலா வேலை கூடும்.

---

வாடகைக்கடை எழுதியது:

இருவருக்கும் நன்றி. டேபிள் போட்டுப் பார்த்தேன், டேப் தட்டினால் வரி வருவதைப் பார்த்து அப்பாவே கொஞ்ச நேரம் விளையாடிக்கொண்டிருந்தார். மொத்தத்தை மேலே தூக்கியதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது.

பழைய பில்லின் தொகை மாறும் என்பது எனக்கு ஆகாது. பாக்கி வசூல் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் மேக்ரோ பக்கமே போகிறேன். இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

1. சாமான் ஒரே தடவையில் திரும்பி வராது. 150 நாற்காலி போனால் மறுநாள் 130 வரும், மிச்சம் பக்கத்து வீட்டு மாடியில் இருக்கிறது என்பார்கள், அடுத்த வாரம் 17 வரும், 3 காலொடிந்து வரும். இதை எங்கே எழுதுவது?

2. ஒரே முகூர்த்தத்துக்கு நாலு இடத்தில் கேட்பார்கள். பில் போடும்போதே அந்தத் தேதிக்கு எத்தனை அண்டா மிச்சம் என்று பக்கத்தில் தெரியுமா?

---

மைக்செட் எழுதியது:

நாங்கள் சவுண்ட், லைட் வாடகை. எங்களுக்கும் இதே கதைதான், ஆனால் கோடவுனில் இருக்கிற பையன் கைபேசியில்தான் வரவு எழுதுவான், அதனால் கூகுள் ஷீட்ஸுக்குப் போய்விட்டோம். யாராவது உங்களிடம் "கூகுள் ஃபார்ம் போடுங்க, ரொம்ப ஈஸி" என்று சொல்வார்கள். உங்களுக்கு அது ஒத்துவராது. கூகுள் ஃபார்மில் ஒரு பதில் ஒரு வரி, "இன்னொரு சாமான் சேர்" என்று நீளுகிற பகுதி அதில் கிடையாது. கிரிட் கேள்வி போட்டால் ஒவ்வொரு சாமானும் ஒரு காலமாகப் பக்கவாட்டில் போகும், கட்டக்கணக்கு எதை வேண்டாம் என்றாரோ அதேதான். திரும்பி வந்த சாமானை ஒவ்வொன்றாகப் பதிய மட்டும் நன்றாக இருக்கும்: பில் எண், சாமான், எத்தனை, நல்லதா உடைந்ததா, அவ்வளவுதான்.

ஷீட்ஸில் சேமி பட்டன் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒன்று கேளுங்கள். படம் வரைந்து அதில் ஸ்கிரிப்ட்டை மாட்டுவார்கள், கம்ப்யூட்டரில் நன்றாக ஓடும், கைபேசி ஆப்பில் அந்தப் படத்தைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. நாங்கள் பட்டனுக்குப் பதில் ஒரு செக்பாக்ஸ் வைத்திருக்கிறோம். டிக் போட்டால் ஆன்எடிட் (செல் மாறியதும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) ஓடி வரிகளைச் சேமிப்பு ஷீட்டுக்குத் தள்ளிவிட்டு டிக்கைத் தானே எடுத்துவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் டிக் போட்டால் ஒரே பில் எண் இருவருக்கும் போய்விடும், அதற்கு ஸ்கிரிப்ட்டில் லாக் சர்வீஸ் (ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் ஓட விடும் பூட்டு) போட வேண்டும். நெட் இல்லாத மண்டபத்தில் ஸ்கிரிப்ட் ஓடாது. சமையல்கட்டுப் பக்கம் பெரும்பாலும் சிக்னல் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள் என்றால் எக்செலே போதும்.

---

பழையபதிப்பு எழுதியது:

யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். எக்செலுக்குள்ளேயே ஒரு ஃபார்ம் ஒளிந்திருக்கிறது. டேபிளுக்குள் நின்று ஆல்ட், டி (D), ஓ (O) என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுங்கள். காலத்தின் பெயர்களோடு ஒரு சின்னப் பெட்டி வரும், "நியூ" தட்டி அடித்தால் டேபிளின் கடைசியில் வரி சேரும், "கிரைட்டீரியா" தட்டித் தேடலாம். ரிப்பனில் இதற்குப் பட்டன் இல்லை, குவிக் ஆக்சஸ் டூல்பாரில் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். 32 காலம் வரைதான் ஏற்கும். டிராப்டவுன் இதில் தெரியாது, அதனால் சாமான் பில்லுக்கு உதவாது. வாடிக்கையாளர் பட்டியல், சாமான் ரேட் பட்டியல் மாதிரி ஒரு ஆளுக்கு ஒரு வரி வேலைக்கு அருமை. லிப்ரே ஆஃபீஸ் கால்க்கிலும் டேட்டா மெனுவில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது.

---

கட்டக்கணக்கு எழுதியது:

வாடகைக்கடைக்கு:

திரும்பி வருவதற்குத் தனி ஷீட் வேண்டாம், பழைய வரியைத் திருத்தவும் வேண்டாம். அந்த "போனது" என்ற காலத்தை அதற்காகத்தான் வைக்கச் சொன்னேன். 412-வது பில்லின் நாற்காலிக் கதை இப்படி நிற்கும்:

412 | நாற்காலி | போனது | 150
412 | நாற்காலி | வந்தது | 130
412 | நாற்காலி | வந்தது | 17
412 | நாற்காலி | உடைந்தது | 3

ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் தேதி. வாடிக்கையாளர் "நான் அன்னிக்கே எல்லாம் குடுத்துட்டேனே" என்று சண்டைக்கு வந்தால் தேதியோடு காட்டலாம். போனதை சம்இஃப்ஸில் (நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் ஃபார்முலா) கூட்டி, அதிலிருந்து வந்ததையும் உடைந்ததையும் கழித்தால் அவர் கையில் இன்னும் எத்தனை என்று வந்துவிடும். பில் எண்ணை விட்டுவிட்டுச் சாமானை மட்டும் வைத்துக் கூட்டினால் ஊர் முழுக்க வெளியே இருப்பது, அதாவது அப்பாவின் கேள்விக்குப் பதில். உடைந்ததை மட்டும் தனியாகக் கூட்டி மொத்தக் கையிருப்பிலிருந்து கழியுங்கள், இல்லையென்றால் இல்லாத நாற்காலியை வாடகைக்கு விடுவீர்கள். காசு வாங்கிப் புதிதாக வாங்கி வைத்தால் கையிருப்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

வரவுக்கு இரண்டாவது என்ட்ரி ஷீட் ஒன்று செய்யுங்கள். பில் எண்ணை அடித்தால் பாக்கி உள்ள சாமான்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கட்டும், நீங்கள் வந்த அளவையும் உடைந்த அளவையும் மட்டும் அடிப்பீர்கள். இங்கே வரியை நீங்கள் கூட்டுவதில்லை, பில்லே தீர்மானிக்கிறது. எக்செல் 2021, 365 என்றால் ஃபில்டர் ஃபங்ஷன் ஒரே வரியில் முடித்துவிடும். உங்கள் 2016-ல் அது இல்லை. அதனால் சேமிப்பு டேபிளின் முதல் காலமாக பில் எண்ணையும் வரிசை எண்ணையும் சேர்த்து "412-1", "412-2" என்று ஒரு சாவி உண்டாக்குங்கள், அதுவும் போன வரிகளுக்கு மட்டும். பிறகு இன்டெக்ஸ், மேட்ச் போட்டு 1, 2, 3 என்று தேடி இழுக்கலாம், கிடைக்காத எண்ணுக்கு இஃப்எரர் வெற்றாக விட்டுவிடும். பிரிண்ட் ஷீட்டுக்கும் இதே சாவிதான். 60 வரி ஃபார்முலா போட்டு, மேக்ரோ பிரிண்ட் எடுக்கும் முன் காலி வரிகளை மறைக்கட்டும். மொத்தமும் கையெழுத்தும் அந்த 60 வரிக்குக் கீழே இருக்கலாம், நாலு சாமான் பில்லில் நாலாவது வரிக்கு அடுத்தே வந்து உட்காரும்.

இரண்டாவது கேள்வி, முகூர்த்தத் தேதி. இதில்தான் நிறையப் பேர் தப்பாகக் கணக்கிடுவார்கள். அந்த ஒரு நாளில் தொடங்குகிற பில்லை மட்டும் பார்த்தால் போதாது, முந்தின நாளே போய் மறுநாள் வருகிற சாமானும் அன்றைக்கு வெளியேதான் இருக்கும். பழைய பில் எடுத்த தேதி புதுப் பில் திரும்பும் தேதிக்குள் இருக்க வேண்டும், பழைய பில் திரும்பும் தேதி புதுப் பில் எடுக்கும் தேதிக்கு முந்தாமல் இருக்க வேண்டும், இந்த இரண்டும் சேர்ந்தால் மோதல். சம்இஃப்ஸில் இரண்டு தேதி நிபந்தனை, சாமான், "போனது", ஆக நாலு நிபந்தனை. கையிருப்பிலிருந்து அதைக் கழித்து அளவுக்குப் பக்கத்திலேயே "மிச்சம்" என்று ஒரு காலம் வைத்து, அளவு அதைத் தாண்டினால் சிவப்பாக்குங்கள். இதற்குச் சேமிப்பு டேபிளின் ஒவ்வொரு வரியிலும் எடுக்கும் தேதி, திரும்பும் தேதி இரண்டும் இருக்க வேண்டும், அதையும் மேக்ரோ எழுதிவிடட்டும். முன்பதிவையும் இதே டேபிளில் எழுதினால்தான் இந்த மிச்சம் சரியாக வரும். ஆனால் அதை "பதிவு" என்று எழுதி, சாமான் வண்டி ஏறும்போது "போனது" ஆக்குங்கள், இல்லையென்றால் கடையில் இருக்கிற அண்டா வெளியே இருப்பதாகக் கணக்கு காட்டும். அப்போது மிச்சக் கணக்கில் இரண்டையும் கூட்ட வேண்டும்.

இந்த மிச்சம் கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் காட்டும். புதுப் பில் நாலு நாள் என்றால், முதல் நாள் திரும்புகிற 5 அண்டாவையும் நாலாம் நாள் போகிற 5 அண்டாவையும் சேர்த்து 10 என்று கழித்துவிடும், உண்மையில் அதே 5 அண்டாவே இரண்டு இடத்துக்கும் போகலாம். சிவப்பு வந்தால் அந்தப் பில்களைத் திறந்து ஒரு தடவை கண்ணால் பாருங்கள். அதையும் ஃபார்முலாவில் பிடிக்கப் போனால் ஒவ்வொரு நாளுக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும், உங்கள் கடைக்கு அது தேவையில்லை. தேதி தாண்டியும் திரும்பாத சாமானை இது கண்டுகொள்ளாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு வரவு பாக்கிப் பட்டியலைத் தினமும் காலையில் திறக்க வேண்டியதுதான்.

---

வாடகைக்கடை எழுதியது:

மிச்சம் காலம் வந்துவிட்டது, அப்பாவுக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. மேக்ரோவும் எழுதிவிட்டேன், முதல் பில் சேர்ந்தது. இரண்டாவது பில் போட்டுச் சேமி தட்டினால் எரர் 91, "ஆப்ஜெக்ட் வேரியபிள் நாட் செட்" என்கிறது. துடைப்பதற்கு டேபிளின் எல்லா வரியையும் டிலீட் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று, ஃபார்முலாவை யாரும் அழிக்காமல் இருக்க ஷீட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டேன், அதிலிருந்து டேப் தட்டினாலும் வரி வருவதில்லை.

---

கட்டக்கணக்கு எழுதியது:

எரர் 91: எல்லா வரியையும் டிலீட் செய்தால் பார்வைக்கு ஒரு காலி வரி நிற்கும், ஆனால் எக்செல் கணக்கில் அந்த டேபிளில் வரியே இல்லை, டேட்டாபாடிரேஞ்ச் (தலைப்புக்குக் கீழே உள்ள வரிகளுக்கு மேக்ரோ சொல்கிற பெயர்) என்பது நத்திங், அதாவது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். அடுத்த தடவை அதைத் தொட்டால் இந்த எரர்தான். முதல் வரியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் டிலீட் செய்யுங்கள், முதல் வரியில் சாமான், அளவு, நாள் ஆகிய அடிக்கிற செல்களை மட்டும் கிளியர்கன்டென்ட்ஸ். ஃபார்முலா இருக்கிற செல்லைத் தொடாதீர்கள்.

பாஸ்வேர்டு: பூட்டிய ஷீட்டில் டேபிள் நீளாது. செல்லை அன்லாக் செய்து வைத்தாலும் நீளாது, எக்செலின் குணம் அது. அடிக்கிற ஷீட்டைத் திறந்தே விடுங்கள், அங்கே ஃபார்முலா அழிந்தாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பூட்ட வேண்டியது சேமிப்பு ஷீட்டை. மேக்ரோ எழுதும்போது முதல் வரியில் அன்ப்ரொடெக்ட், கடைசி வரியில் ப்ரொடெக்ட். நடுவில் எரர் வந்து நின்றாலும் பூட்டு விழுகிற மாதிரி ஆன் எரர் போட்டுக்கொள்ளுங்கள்.

---

வாடகைக்கடை எழுதியது:

இரண்டும் சரியாகிவிட்டன. பழைய பில் புத்தகத்தில் இருப்பதிலேயே பெரிய கல்யாண பில் ஒன்றை எடுத்து அடித்துப் பார்த்தேன், நீளுகிறது, மொத்தம் சரி. பிரிண்டில் மட்டும் இரண்டாம் பக்கத்தில் சாமான், அளவு, ரேட் என்ற தலைப்பு வரவில்லை, வெறும் எண்களாக இருக்கிறது.

---

பழையபதிப்பு எழுதியது:

பேஜ் லேஅவுட், ப்ரிண்ட் டைட்டில்ஸ், "ரோஸ் டு ரிப்பீட் அட் டாப்" பெட்டியில் அந்தத் தலைப்பு வரியைக் காட்டுங்கள். பக்க எண்ணை ஃபூட்டரில் போடுங்கள், ரெண்டு தாளில் ஒன்று தொலைந்தால் தெரியும்.